வெடிச் சத்தம் வேண்டாம்... பேச்சு மட்டும் கேட்கணும்!

பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உலகம் முழுக்கச் சுற்றிய அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். மறு கையில் ஏர் பிஸ்டல். வீட்டில் பேப்பர் படிக்கும்போது போடுகிற மாதிரி ஒரு சாதாரண மூக்குக் கண்ணாடி. 51 வயது துருக்கி வீரர் யூசுஃப் டிகெச், 2024 ஜூலை 30 அன்று 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். அதே பிரிவில் வெண்கலம் வாங்கியவர்கள் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும். ‘மற்றவர்கள் கண்ணுக்கு லென்ஸ், காதுக்குக் கவசம் என்று ஏகப்பட்டதை மாட்டிக்கொண்டு நிற்க, இந்த மனிதர் ஒன்றுமே இல்லாமல் வந்து ஜெயித்துவிட்டார்’ என்று சமூக வலைத்தளங்கள் கொண்டாடித் தீர்த்தன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறு கதை. டிகெச்சின் காதுக்குள் சின்னதாக மஞ்சள் நிற இயர்பிளக் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது ஏர் பிஸ்டல். வெடிமருந்து கிடையாது, அடைத்துவைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் அதன் சத்தம் மிகக் குறைவு. அதற்கே காதை அடைத்துக்கொண்டுதான் நின்றார், பல ஒலிம்பிக் பார்த்த அந்த மூத்த வீரர்.

இந்தியாவில் துப்பாக்கி சுடுதல் இன்று பிள்ளைகளின் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. 2004-ல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றதும், 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் திறந்துவிட்ட கதவு இது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டையிலிருந்து பாரிஸ் வரை போன பிருத்விராஜ் தொண்டைமான் என்று தமிழ்நாட்டுப் பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. பிள்ளையை ரேஞ்சில் சேர்க்கும் பெற்றோர் துப்பாக்கி, ஜாக்கெட், ஷூ, கையுறை என்று ஒவ்வொன்றையும் விசாரித்து விசாரித்து வாங்குகிறார்கள். காதுக்கு மட்டும், ஆன்லைனில் முதலில் கண்ணில் பட்டதை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். இந்த மொத்தப் பட்டியலில் பழுதானால் திரும்ப வாங்கவே முடியாத ஒன்றைக் காப்பது அந்தக் கடைசிப் பொருள்தான்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு பாயிண்ட் 22 ரைஃபிளின் வெடிச் சத்தம் சுடுபவரின் காதருகே 140 டெசிபெலை ஒட்டி வரும். 9 மி.மீ. பிஸ்டல், 12 போர் ஷாட்கன் போன்றவை 150-ஐத் தாண்டும். சக்திவாய்ந்த ரிவால்வர்கள் 160-க்கும் மேலே போகும். 140 என்ற எண்ணுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. வெடிபோலத் திடீரென்று வரும் சத்தத்துக்குப் பாதுகாப்பற்ற காது தாங்கக்கூடிய உச்சவரம்பாக அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்புகள் வைத்திருப்பது இதைத்தான். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகும். 140-க்கும் 160-க்கும் இடையே இருப்பது நூறு மடங்கு வித்தியாசம்.

பெருஞ்சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள ஒரு சிறு தசை இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். இது உடம்பே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. ஆனால் அந்தத் தசை இறுகப் பல பத்து மில்லி விநாடிகள் பிடிக்கும். துப்பாக்கியின் வெடியோ சில மில்லி விநாடிகளில் வந்து, அடித்து, போயே போய்விடும். காவல்காரன் எழுந்து நிற்பதற்குள் திருடன் தெருவைத் தாண்டிவிடுகிறான்.

அடி விழுவது உள்காதில், நத்தை ஓடு வடிவத்தில் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள். அங்கே ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அலையாக வரும் ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை இவைதான். மனிதர்களுக்கு இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும், நமக்கு இல்லை. முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் சுருதிப் பகுதி. ஆடியோகிராம் எனப்படும் கேட்புச் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் அதைப் பார்த்ததுமே ‘சத்தத்தில் வேலை செய்பவரா?’ என்று கேட்டுவிடுவார்கள்.

இதில் வஞ்சகம் என்னவென்றால், ஆரம்பத்தில் எதுவும் கேட்காமல் போவதில்லை. பேச்சு கேட்கும், புரியாது. ஆண்குரல் தெளிவாக விழும், குழந்தையின் குரல் நழுவும். அமைதியான அறையில் சமாளித்துவிடுபவர் கல்யாண மண்டபத்தில் திணறுவார். ‘எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறாங்க’ என்று சலித்துக்கொள்வார். கூடவே, ராத்திரி படுத்தால் ‘ஙொய்ங்’ என்று நிற்காத இரைச்சல். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பணியால் வந்த பாதிப்பு என்று உதவித்தொகை பெறும் காரணங்களில் எண்ணிக்கையில் முதலிடம் இந்தக் காது இரைச்சலுக்குத்தான்.

வலது கைப் பழக்கம் உள்ளவர் ரைஃபிளைத் தோளில் வைத்துச் சாயும்போது, வலது காது தலையின் நிழலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இடது காது குழல்முனையைப் பார்த்து நிற்கும். அதனால்தான் பழைய ரைஃபிள்காரர்கள் பலருக்கு இடது காது கூடுதலாகக் கெட்டிருக்கும்.

ஒரே ஒரு வெடி போதுமா என்று கேட்பவர்களுக்கு ரொனால்ட் ரீகன் கதையைச் சொல்லலாம். 1930-களின் கடைசியில், நடிகராக இருந்தபோது, படப்பிடிப்பில் அவர் காதுக்குப் பக்கத்தில் யாரோ பிஸ்டலைச் சுட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் தனக்கு வந்த கேட்புக் குறைபாட்டுக்கு அதையே அவர் காரணமாகச் சொன்னார். 1983-ல், அமெரிக்க அதிபராக இருக்கும்போதே, காதுக்கருவியோடு பொதுவெளிக்கு வந்தார்.

‘அன்னிக்குக் கொஞ்ச நேரம் காது அடைச்ச மாதிரி இருந்தது, மறுநாள் சரியாயிடுச்சு’ என்று சொல்பவர்கள் நிறைய. அதை நம்பி நிம்மதி அடைவதற்கில்லை. ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பாஸ்டனில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வை 2009-ல் வெளியிட்டார்கள். பலத்த சத்தத்தில் வைக்கப்பட்ட எலிகளின் கேட்புத்திறன் நாளடைவில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் மயிரணுக்களையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பங்கு அழிந்துபோயிருந்தது. சோதனையில் தேறிவிட்ட காதும் உள்ளே சேதப்பட்டிருக்கலாம் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

கழற்றும் அந்த ஒரு நொடி

என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைஃபிள் சுட்ட பழைய மாணவர்களைக் கேட்டால், காதில் பஞ்சு வைத்துக்கொண்ட கதையைச் சிலராவது சொல்வார்கள். பஞ்சு ஆறுதல் தரும், பாதுகாப்புத் தராது. அதைவிடச் சரியாகச் செருகிய ஒரு ஃபோம் இயர்பிளக் எத்தனையோ மேல். காது மடலை முழுசாக மூடும் இயர்மஃப் எனப்படும் காதுக் கவசம் இன்னும் சுலபம், மாட்டினால் போதும்.

சாதாரணக் கவசத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வெடியையும் அடைக்கும், பேச்சையும் அடைக்கும். கோச் பின்னால் நின்று ஏதோ சொல்கிறார், உதடு அசைவதுதான் தெரிகிறது. ‘என்ன சார்?’ என்று ஒரு பக்கக் கிண்ணத்தை விரலால் தூக்குகிறார் மாணவர். அதே நொடியில் பக்கத்துச் சுடும் இடத்தில் நிற்பவர் விசையை அழுத்துகிறார். அன்று முழுக்கக் கவசம் போட்டிருந்ததன் பலன் அங்கேயே கெட்டுப்போகிறது. ரேஞ்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘சுடுவதை நிறுத்து’ என்ற உத்தரவு காதில் விழாமல் போனால், அது காதோடு முடியும் விஷயம் அல்ல.

எலக்ட்ரானிக் கவசம் வந்தது இந்த இடத்தில்தான். கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஒரு மைக், உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், நடுவில் ஒரு சர்க்யூட். வெளியே கேட்கும் பேச்சை மைக் வாங்கி உள்ளே தருகிறது, வேண்டுமானால் பெருக்கியும் தருகிறது. வெடிச் சத்தம் வந்தால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ளே தர மறுத்துவிடுகிறது. ஹோவர்ட் லைட் இம்பேக்ட் ஸ்போர்ட் என்ற, அமெரிக்க ரேஞ்சுகளில் அதிகம் காணக்கூடிய மாடலில் அந்த எல்லை 82 டெசிபெல்.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எலக்ட்ரானிக் சர்க்யூட் வெடிச் சத்தத்தை ‘அழிக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. வெடியைத் தடுப்பது கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணமும், உள்ளே உள்ள ஃபோமும், கன்னத்தோடு ஒட்டி உட்காரும் மெத்தை வளையமும்தான். பேட்டரி தீர்ந்துபோனாலும் அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கும், பேச்சுதான் கேட்காது. எலக்ட்ரானிக்ஸ் செய்யும் உபகாரம் வேறு. கவசத்தைக் கழற்றவேண்டிய தேவையை அது இல்லாமல் செய்கிறது. காலையில் ரேஞ்சுக்குள் நுழையும்போது மாட்டிய கவசம் வெளியே வரும்வரை தலையிலேயே இருந்தால், கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

ஆகவே கடையில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. புளூடூத் உண்டா, எத்தனை மடங்கு பெருக்கும் என்பதெல்லாம் கடைசி. மெத்தை வளையம் முதல்.

அட்டையில் அச்சிட்ட எண்

பெட்டியின் மேல் என்.ஆர்.ஆர். 22, 23, 26 என்று ஓர் எண் இருக்கும். எத்தனை டெசிபெல் குறைக்கும் என்பதற்கான அமெரிக்க அளவு அது. அங்கே 1979 முதல் சட்டப்படி கட்டாயம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் எஸ்.என்.ஆர். என்று வேறொரு எண் இருக்கும், அது வேறு முறையில் கணக்கிடப்படுவது. ஒரே கவசத்துக்கு இரண்டு எண்களும் வேறுபடும். ஸ்வீடனின் சோர்டின் சுப்ரீம் புரோ-எக்ஸ் கவசத்துக்கு எஸ்.என்.ஆர். 25, என்.ஆர்.ஆர். 18. இது தெரியாமல் ஒன்றின் எஸ்.என்.ஆரையும் மற்றொன்றின் என்.ஆர்.ஆரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். ஆன்லைன் விற்பனைப் பக்கங்களில் எந்த அளவு என்றே சொல்லாமல் ‘34 டெசிபெல் பாதுகாப்பு’ என்று போட்டிருந்தால், அந்தப் பொருளைத் தள்ளிவைத்துவிடுவது நல்லது.

இந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. ஆய்வகத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து, சோதனை செய்பவரே கவசத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு எடுத்த அளவு அது. அதுவும் தொடர்ச்சியான இரைச்சலுக்கு, வெடிக்கு அல்ல. நிஜ உபயோகத்தில் இவ்வளவு கிடைக்காது என்பதால், இயர்மஃப் என்றால் அச்சிட்ட எண்ணில் கால்வாசியையும், ஃபோம் பிளக் என்றால் பாதியையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்னது 1998-ல் அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில்சார் நல ஆய்வு நிறுவனம்.

போட்டுப் பார்க்கலாம். பிஸ்டலின் உச்சச் சத்தம் 160 என்று வைத்துக்கொள்வோம். கவசத்தின் எண் 22. கால்வாசி போனால் மிஞ்சுவது 16.5. காதுக்குப் போய்ச் சேருவது சுமார் 143.5. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் 140 என்ற கோட்டுக்கு மேலேதான் நிற்கிறோம் என்பது தெரிகிறது.

அதனால்தான் அனுபவசாலிகள் இரட்டைப் பாதுகாப்புக்குப் போகிறார்கள். உள்ளே ஃபோம் பிளக், மேலே கவசம். பிளக்கின் 30-ஐயும் கவசத்தின் 22-ஐயும் கூட்டி 52 என்று சந்தோஷப்பட முடியாது. இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் ஏறக்குறைய 5 டெசிபெல்தான் கூடும். 40, 50 டெசிபெலுக்கு மேல் எந்தக் கவசத்தாலும் தடுக்க முடியாது, ஏனென்றால் அதற்குப் பிறகு சத்தம் காது வழியாக வராமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடும். இருந்தாலும் அந்த 5 டெசிபெல் அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. உள்ளே போகும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். நான்கு சுவர்களில் எதிரொலிக்கும் உள்ளரங்க ரேஞ்சிலும், குழல்முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் பொருத்திய ரைஃபிளுக்குப் பக்கத்திலும் இரட்டைப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிக்கொள்வது நல்லது. இங்கேதான் எலக்ட்ரானிக் கவசத்தின் இன்னொரு பயன் தெரியவரும். உள்ளே பிளக் இருக்கும்போது கவசத்தின் ஒலியளவைக் கூட்டிவைத்துக்கொண்டால், பிளக்கையும் தாண்டிப் பேச்சு கேட்கும். சாதாரணக் கவசத்தில் இது நடக்காது.

ஃபோம் பிளக் போடுவதற்கும் முறை இருக்கிறது. சுத்தமான விரல்களால் மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எடுத்துவிட்டு மறுபடி போடுவதே வழி.

சரியாகப் பொருந்தாத பிளக் எவ்வளவு பெரிய விவகாரம் ஆகும் என்பதை அமெரிக்க ராணுவம் பார்த்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலே வெடியைத் தடுத்துப் பேச்சை விடும் என்று சொல்லி, இரு முனை கொண்ட ‘காம்பேட் ஆர்ம்ஸ்’ இயர்பிளக் அங்கே படைவீரர்களுக்கு வழங்கப்பட்டது. ஏரோ நிறுவனம் உருவாக்கியது, 2008-ல் அந்த நிறுவனத்தை 3எம் வாங்கியது. பிளக்கின் தண்டு நீளம் போதவில்லை, போட்டவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது, அதை ராணுவத்துக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2018-ல் அரசுடன் 91 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்குகள் 2 லட்சத்தைத் தாண்டின. 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலர் தர 3எம் ஒப்புக்கொண்டது. தவறை ஏற்றுக்கொண்டதாகாது என்றும் சொன்னது. நீதிமன்றத்தில் யார் என்ன வாதிட்டிருந்தாலும், விவகாரத்தின் மையத்தில் இருந்தது ஒரு சிறு இடைவெளிதான், காதுத் துளைக்கும் பிளக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி.

கண்ணாடி, தோடு, கன்னம்

அதே இடைவெளி இயர்மஃபிலும் விழும். சுடுபவர்கள் பெரும்பாலும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள், போடுவதுதான் நல்லது. கண்ணாடியின் காம்பு மெத்தை வளையத்துக்கு அடியில் நுழைந்து வெளியேறும் இடத்தைக் கிட்டத்தில் பார்த்தால், காம்பின் மேலும் கீழும் இரண்டு முக்கோணச் சந்து தெரியும். காம்பு தடியாக இருந்தால் சந்து பெரிது. பல டெசிபெல் அதன் வழியே போய்விடும். ஃபோம் வளையத்தைவிட, ஜெல் நிரப்பிய வளையம் காம்பைச் சுற்றிக் குழைந்து உட்காரும். சோர்டின் கவசத்தின் என்.ஆர்.ஆர். 18 மட்டுமே என்றாலும் தொழில்முறைக்காரர்கள் அதைத் தேடி வாங்குவதற்கு இந்த ஜெல் வளையமும், அதன் உறுதியும் முக்கியக் காரணங்கள். அட்டையில் 26 போட்ட கவசம் கண்ணாடிக் காம்பால் ஒழுகிக்கொண்டிருந்தால், 18 போட்டது அதைவிட நன்றாகக் காக்கக்கூடும்.

பெண் பிள்ளைகள் தோட்டையும் ஜிமிக்கியையும் கழற்றிவிட வேண்டும். காதுக்கு மேல் வழியும் முடியைப் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும். தொப்பியின் துணி வளையத்துக்கு அடியில் மாட்டக்கூடாது.

சோதிப்பது எளிது. சத்தமான ஓர் இடத்தில் எலக்ட்ரானிக்ஸை அணைத்துவிட்டுக் கவசத்தை மாட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை உள்நோக்கி அழுத்திப் பார்க்கலாம். அழுத்தும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

ரைஃபிளோ ஷாட்கனோ சுடுபவர் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையின் மேல் பதிக்கும்போது, கிண்ணத்தின் கீழ்விளிம்பு கட்டையில் இடிக்கும். இடித்தால் கிண்ணம் மேலே தூக்கிக்கொள்ளும், வளையம் தாடைப்பக்கம் விலகும். சரியாகக் குறிபார்த்து விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் காது திறந்திருக்கும். கடைக்காரர் முன்னால் நேராக நின்று மாட்டிப் பார்த்தால் இது தெரியாது, சுடும் நிலைக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். கீழ்ப்பக்கம் சரிவாக வெட்டிய மெல்லிய கிண்ணங்கள் வந்தது இதற்காகத்தான். வாக்கர்ஸ் ரேசர், இம்பேக்ட் ஸ்போர்ட் போன்றவை இந்த வகை. மெல்லிய கிண்ணத்துக்குள் காற்றும் ஃபோமும் குறைவு, எனவே தடுப்பும் கொஞ்சம் குறைவு. பிஸ்டல் மட்டும் சுடுபவருக்குக் கன்னப் பிரச்னை கிடையாது. அவர் பெல்டர் ஸ்போர்ட் டாக்டிக்கல் 500 போல என்.ஆர்.ஆர். 26 உள்ள பருமனான கிண்ணத்துக்குப் போவதே சரி.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. மே மாதத்தில் ஃபோம் வளையம் வியர்வையில் ஊறி, உப்புப் படிந்து, சில மாதங்களிலேயே விறைத்துவிடும். விறைத்த வளையம் கன்னத்தோடு ஒட்டாது. வளையத்தையும் உள் ஃபோமையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாற்றுவது நல்லது. வாங்கும் முன்பே, மாற்று வளையம் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட வேண்டும். பெயர் தெரியாத மலிவுக் கவசங்களில் பெரும்பாலும் இது கிடைக்காது, வளையம் போனால் கவசமே குப்பைக்குத்தான்.

சர்க்யூட்டில் எது நல்லது?

வெடி வந்ததும் மைக்கை மொத்தமாக அறுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் திறப்பது ஒரு வகை. மலிவான மாடல்களில் இப்படித்தான். பக்கத்தில் வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தால் கோச்சின் பேச்சு துண்டு துண்டாக விழும். ஒலியை அறுக்காமல் பாதுகாப்பான அளவுக்கு அமுக்கித் தருவது இன்னொரு வகை. இதில் வெடியும் மெலிதாகக் கேட்கும், அதன் நடுவே பேச்சும் தொடர்ந்து கேட்கும். கையில் எடுத்ததும் ஸ்விட்சைப் போட்டுக் கையைப் பலமாகத் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

இரண்டு கிண்ணத்திலும் தனித்தனி மைக் இருக்க வேண்டும். இருந்தால்தான் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். திறந்தவெளியில் காற்று மைக்கில் ‘பர்ர்’ என்று அடிக்கும், மைக்கின் மேல் சின்ன ஃபோம் மூடி இருந்தால் அது குறையும். இம்பேக்ட் ஸ்போர்ட் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் சுமார் 350 மணி நேரம் ஓடும், நான்கு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். இப்படித் தானாக அணையும் வசதி இல்லாத கவசத்தை அணைக்க மறந்துவிட்டுப் பையில் போட்டால், அடுத்த வாரம் பேட்டரி செத்திருக்கும். ரேஞ்ச் பையில் ஒரு ஜோடி பேட்டரியும் நாலு ஃபோம் பிளக்கும் எப்போதும் கிடக்கட்டும்.

அமெரிக்காவில் இம்பேக்ட் ஸ்போர்ட் வகை 50 டாலரை ஒட்டி விற்கிறது. சோர்டின் 300 டாலரைத் தொடும். வாரம் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போகும் ஒருவருக்கு முதல் வகையும், மேலதிகமாக நல்ல ஜெல் வளையமும், உள்ளே ஃபோம் பிளக்கும் தாராளமாகப் போதும். மழையிலும் புழுதியிலும் நாள் முழுக்கக் கவசத்தோடு நிற்கும் பயிற்சியாளர், காவல்துறைக்காரர் போன்றவர்களுக்குத்தான் விலை உயர்ந்ததன் அருமை தெரியும்.

போட்டியில் போட முடியுமா?

பணம் போட்டு வாங்கும் முன்னால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக் பாணிப் போட்டிகளை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி, ஒலியை வாங்கித் தரும் கருவி பொருத்திய காதுக் கவசத்தைப் போட்டியாளர்கள் களத்தில் அணியக்கூடாது. வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்ல வழி இருக்கக்கூடாது என்பதே இதன் தர்க்கம். இளவேனிலோ மனு பாக்கரோ போட்டியில் போடுவது வெறும் அடைப்பான்தான். ஆகவே தேசியப் போட்டிக் கனவோடு பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு முதல் செலவு நல்ல சாதாரணக் கவசமும், அச்சு எடுத்து அவர் காதுக்கென்றே செய்த பிளக்கும்தான். எலக்ட்ரானிக் கவசம் பயிற்சி நேரத்துக்கு, கோச் சொல்வதைக் கேட்பதற்கு. போட்டி நெருங்கும்போது, போட்டியில் எதை அணியப்போகிறாரோ அதிலேயே பழகுவது நல்லது. தலையில் ஏறும் எடையும் காதில் விழும் அமைதியும் மாறினால் கவனம் சிதறும்.

பிருத்விராஜ் தொண்டைமானின் டிராப் பிரிவில் தகுதிச்சுற்றுக்கு மட்டும் 125 களிமண் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டாவரை சுடலாம். தட்டு பறந்து வருவதே சுடுபவரின் குரலைக் கேட்டு இயங்கும் மைக்கால்தான். இடமும் வலமுமாக மற்ற வீரர்களின் 12 போர் வெடித்துக்கொண்டே இருக்கும். கன்னம் கட்டையில் அழுந்தும் இந்த ஆட்டத்தில் பெரிய கிண்ணம் இடைஞ்சல். காதுக்கென்றே செய்த பிளக் இங்கே தனி மதிப்புப் பெறுவது அதனால்தான்.

ஐ.பி.எஸ்.சி. எனப்படும் நடைமுறைத் துப்பாக்கி சுடுதலில் நிலைமை வேறு. அங்கே ரேஞ்ச் அதிகாரி ‘ஆர் யூ ரெடி’ என்பார், ‘ஸ்டாண்ட்பை’ என்பார், டைமரின் ‘பீப்’ கேட்டதும் ஓட்டமும் சுடுதலும் தொடங்கும். அந்தக் களத்தில் எலக்ட்ரானிக் கவசம் சர்வசாதாரணம்.

சுடுபவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில் பின்னால் நிற்பவர்கள் மறந்துபோகிறார்கள். பிள்ளையைக் கூட்டிவந்த அப்பா, கூடவே வந்த தங்கச்சி, ஸ்கோர் எழுதுபவர், எல்லாருக்கும் காது ஒன்றுபோலத்தான். சிறுவர்களின் தலைக்குப் பெரியவர்களின் கவசம் தொளதொளவென்று நிற்கும், பட்டையைக் கடைசிவரை சுருக்கியும் வளையம் ஒட்டவில்லை என்றால் அவர்கள் அளவில் வாங்கித் தர வேண்டும். ரேஞ்ச் கதவைத் தாண்டும் முன்பே மாட்டிவிட வேண்டும், உள்ளே போய் இடம் பிடித்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

ரேஞ்சில் சேரும்போதே ஓர் ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. மருத்துவரிடம் 6,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கச் சொல்லி, இரண்டு காதுகளையும் தனித்தனியாக, போன வருடத் தாளோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். சுட்டுவிட்டு வந்த அன்று காது அடைத்தாற்போலவோ இரைச்சலாகவோ இருந்து, மறுநாளும் போகவில்லை என்றால், ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிகிச்சை பலன் தர வாய்ப்பு அதிகம் இருப்பது முதல் சில நாள்களில்தான். போகும்போது அந்தக் கவசத்தையும் கையோடு எடுத்துப் போனால், வளையம் எங்கே ஒழுகுகிறது என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.